கீழிருந்து ஏற்று: ஹயபுசா கிளட்சுக்கு ஊசி வைத்தியம்

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பைக்கில் லீவர் பக்கத்துக் கிண்ணத்தைத் திறக்கிறீர்கள். ஆயில் மட்டம் குறைந்திருக்கிறது. பெரும்பாலும் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். பிரேக்கில் பேட் தேயத் தேய மட்டம் தானாக இறங்கும். கிளட்சில் கதை தலைகீழ். கிளட்ச் தட்டுகள் தேய்ந்தால் புஷ் ராடு நகர்ந்து, அந்த ராடை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே தள்ளும், ஆயில் மேலே ஏறும். "கொஞ்சம் ஊத்திக்கலாம் சார், சரியாயிடும்" என்று மெக்கானிக் சொன்னால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

நண்பர் ஒருவர் பழைய வண்டியாக வாங்கிய இரண்டாம் தலைமுறை சுஸுகி ஹயபுசாவில் இந்தக் கோளாறு இருந்தது. முன்பு வைத்திருந்தவர் கிளட்ச் ஆயிலைத் தொட்டதாகவே தெரியவில்லை. கிண்ணத்தில் இருந்தது டிகாஷன் நிறம். சிக்னலில் நியூட்ரல் விழாது. லீவரை முழுக்கப் பிடித்திருந்தாலும் முதல் கியரில் வண்டி மெல்ல முன்னே நகரும். 1,340 சிசி எஞ்சின் அப்படி நகர்ந்தால் முன்னால் நிற்கும் ஆட்டோக்காரருக்கு நல்லதல்ல.

ஹயபுசாவில் ஸ்லேவ் சிலிண்டர் இருப்பது இடது பக்கம், முன் ஸ்ப்ராக்கெட் மூடியில். கிளட்சோ எஞ்சினின் வலது பக்கம். கியர்பாக்ஸ் தண்டின் துளை வழியாகப் போகும் நீண்ட ராடுதான் இரண்டையும் இணைக்கிறது. வண்டியிலேயே அழுக்கு அதிகம் சேரும் மூலைகளில் ஒன்று அது: செயின் ஸ்ப்ரே, மண், தண்ணீர் எல்லாம் பிஸ்டனின் வாசலிலேயே பூசிக்கொள்ளும். அங்கே ஈரம் தெரிந்தால் உடனே ஸ்லேவைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து ஓடினால் பிரேக் ஆயில் (இந்தக் கிளட்சிலும் ஓடுவது அதுதான்). பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டே இருந்தால் எஞ்சின் ஆயில் அல்லது செயின் ஸ்ப்ரே. எஞ்சின் ஆயில் என்றால் போயிருப்பது ராடைச் சுற்றியுள்ள சீல். புது ஸ்லேவ் வாங்கிப் பயனில்லை.

கழற்றுவது பெரிய வித்தையில்லை. இடது ஃபேரிங், கியர் லீவர் இணைப்பு (கழற்றும் முன் அதன் நிலையைக் குறித்துவையுங்கள்), பிறகு ஹோஸின் பேன்ஜோ போல்ட். டேங்க் மீதும் ஃபேரிங் மீதும் ஈரத்துணி போட்டுவிடுங்கள். டாட் 4 என்ற அந்தப் பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஸ்லேவ் வெளியே இருக்கும்போது யாரும் லீவரை அமுக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழும்.

சீல் கிட் போதுமா, முழு சிலிண்டரே வேண்டுமா? பிஸ்டனை எடுத்துவிட்டு உள் சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் கிட் போதும். நகம் எங்காவது மாட்டினால் புது ரப்பரையும் அந்தப் பள்ளம் சீக்கிரமே கிழித்துவிடும். நண்பரின் வண்டியில் மாட்டியது. முழு சிலிண்டரே வாங்கினோம். பள்ளத்துக்குக் காரணம் பழைய ஆயில்தான். டாட் 4 காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும். சீலுக்குப் பூச புது பிரேக் ஆயில் போதும். பெட்ரோல், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் அந்த ரப்பரின் பக்கம் வரக் கூடாது, ஊதிப்போகும். பேன்ஜோ போல்டின் இரண்டு வாஷர்களும் புதிதாக இருக்கட்டும்.

இனிதான் உண்மையான வேலை: காற்று எடுப்பது. தட்டுகளைப் பிரிக்க ராடு நகர வேண்டிய தூரம் மிகக் குறைவு. ஒரு சின்னக் குமிழி சுருங்கினாலே அந்த நகர்வில் பாதி போய்விடும். இதற்கு மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

லீவரை அமுக்கி, ஸ்லேவில் காற்று எடுப்பதற்காக உள்ள நிப்பிளைத் திறந்து மூடும் பழைய முறை, ஆயில் நிறைந்திருக்கும் அமைப்பில் ஆயில் மாற்ற நன்றாகவே வேலை செய்கிறது. ஸ்லேவ் மாற்றி ஹோஸ் காலியாக இருக்கும்போது எரிச்சலூட்டும். லீவர் பக்கத்தில் இருக்கும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் ஒரு அமுக்கில் தள்ளும் ஆயில் கொஞ்சம்தான். குமிழி கீழே இறங்குவதற்குள் மறுபடி மேலே ஏறிவிடுகிறது.

கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் பார்க்க நிபுணத்தனமாக இருக்கிறது: மீட்டர், குடுவை, குழாய்கள், பெட்டி. ஆனால் நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாகவே வெளிக்காற்றை இழுக்கிறது. குழாயில் குமிழி நிற்பதேயில்லை. அது உள்ளே இருந்து வந்த காற்றா, வெளியே இருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது? மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் ஓரளவு அடங்குகிறது. ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கருவிக்கு டேப் சுற்றி உதவ வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மெடிக்கல் ஷாப்பில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சுதான் ஜெயித்தது. அதில் புது ஆயிலை நிரப்பி, காற்றை வெளியேற்றி, நிப்பிளில் ஒளிபுகும் குழாயை மாட்டி, நிப்பிளைத் தளர்த்தி, கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ள வேண்டும். குமிழி இயல்பாகவே மேலே போகத்தான் பார்க்கும். நாம் அதன் போக்கிலேயே தள்ளுகிறோம். கிண்ணத்தில் குமிழ்கள் கொப்பளித்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேலை சீக்கிரம் முடிகிறது, உதவிக்கு ஆளும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. அடியில் அழுக்கு இருந்தால் அதையும் மேலே ஏற்றிவிடும். கிண்ணத்தின் அடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கிறது. அது அடைத்தால் சூட்டில் விரியும் ஆயில் திரும்ப வழியில்லாமல் பிஸ்டனைத் தள்ளும், கிளட்ச் நழுவும். ஆகவே பழைய ஆயிலை முழுக்க எடுத்து, கிண்ணத்தைத் துடைத்த பிறகே சிரிஞ்சு. கிண்ணம் வழிகிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். சிரிஞ்சின் ரப்பரும் ஆயிலில் ஊறி இறுகிவிடும். ஒருமுறை உபயோகித்தால் தூக்கிப் போடுங்கள்.

கடைசிக் குமிழி மாஸ்டர் சிலிண்டரின் பேன்ஜோவில் ஒளிந்துகொள்ளும். கிண்ணம் மட்டமாக நிற்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி, லீவரை ஒரு ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டி, இரவு விட்டுவிடுங்கள். காலையில் அவிழ்த்ததும் அது மேலே வந்துவிடும்.

கேடிஎம் உட்பட, மகுரா கிளட்ச் பொருத்திய பல வண்டிகளில் ஓடுவது மினரல் ஆயில். அதில் டாட் 4 ஊற்றினால் சீல்கள் கெடும். கிண்ணத்தின் மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பாட்டிலைத் திறங்கள்.

முடிவாகச் சொன்னால்: பம்பை வாங்க வேண்டாம். ஒரு சிரிஞ்சு, ஒரு மீட்டர் குழாய், சீல் பிரிக்காத சின்ன டாட் 4 பாட்டில், 8 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர் போதும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவந்தால், சிலிண்டர் வாங்கும் செலவே பெரும்பாலும் வராது.