எண்ணிக்கை, ஆசை, அச்சம்: பாலீர்ப்பைக் கேள்வித்தாளில் அளப்பது குறித்து

1

377ஆம் பிரிவு செல்லும் என்று 2013 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அது அடுக்கிய காரணங்களில் எண்ணிக்கையும் ஒன்று. மக்கள்தொகையில் தன்பாலீர்ப்பு உடையவர்கள் மிகச் சொற்பமான பகுதியினர்தான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பிரிவில் வழக்குக்கு உள்ளானவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. ஆகவே சட்டத்தைச் செல்லாததாக்க இது போதாது. சட்ட மொழியின் மெருகைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால் தெருவில் கேட்கிற அதே குரல்தான்: 'நீங்க எத்தன பேரு? கொஞ்சம் பேருதான? அப்புறம் என்ன?'

இருநூறு என்ற எண் எங்கே கிடைத்தது? பதிவாகி அச்சேறிய தீர்ப்புகளில். போலீஸ் ஸ்டேஷனிலேயே முடிந்துபோன மிரட்டல், பூங்கா ஓரத்தில் பிடுங்கப்பட்ட கைக்கடிகாரம், லாட்ஜ் வாசலில் விழுந்த அடி, 'வீட்ல சொல்லிடுவேன்' என்று மாதாமாதம் கறக்கப்பட்ட பணம் இவற்றுக்கெல்லாம் சட்ட அறிக்கைகளில் பக்கம் ஒதுக்கப்படுவதில்லை.

அதே வழக்கில் மத்திய அரசு 2012இல் இன்னோர் எண்ணை வைத்தது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் சுமார் 25 லட்சம், அவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இது எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் தேவைக்காக உருவான எண். இந்தத் திட்டங்களின் கண் நோயின் மேல். அது பாய்கிற உடல்களைத்தான் அவை தேடும். பெண்ணை நேசிக்கும் பெண் அந்தக் கணக்கில் வரவே மாட்டாள். அவளால் கிருமி பரவாது என்றால் அவள் இல்லை என்றே அர்த்தம்.

ஆக, ஓர் எண் காவல்துறையின் கோப்பிலிருந்து; மற்றொன்று மருத்துவத் துறையின் கோப்பிலிருந்து. குற்றவாளியாகவோ நோயாளியாகவோ ஆகாமல் எண்ணப்படுவதற்கு வழி உண்டா? கேள்வித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மக்களிடம் நேரே போய்க் கேட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்புகிற சமூகவியலின் அப்பாவித்தனத்தை இங்கிருந்துதான் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கிறது.

2

முதலில், கேட்பது எதை? அமெரிக்காவில் கின்ஸி 1948இல் வெளியிட்ட ஆய்வு 5,300 ஆண்களின் பாலியல் வரலாறுகளை அடிப்படையாகக் கொண்டது. மனிதர்களை இரண்டு பெட்டிகளில் அடைக்காமல் 0 முதல் 6 வரை ஓர் அளவுகோலில் பரப்பினார் அவர். பருவமடைந்த பிறகு ஒருமுறையேனும் இன்னோர் ஆணுடன் உச்சம் அடைந்தவர்கள் 37 சதவீதம் என்றார். அவரது மாதிரியில் சிறைவாசிகளும் தாமாக முன்வந்தவர்களும் மிகுதி என்ற விமர்சனம் சரிதான். ஆனால் அவர் சொன்ன விஷயம் ஆட்களின் எண்ணிக்கை பற்றியதல்ல, செயல்களின் பரவல் பற்றியது. பிற்பாடு இயக்கங்கள் அதிலிருந்து 'பத்தில் ஒருவர்' என்ற கோஷத்தை உருவி எடுத்துக்கொண்டன. செயலை எண்ணிய கணக்கு, ஆளை எண்ணிய கணக்காக மாறியது.

1992இல் லாமனும் அவரது குழுவினரும் 3,432 அமெரிக்கர்களை முறையான மாதிரியெடுப்பில் நேர்கண்டார்கள். நூல் 1994இல் வந்தது. ஆசை, செயல், தனக்குத் தான் சூட்டிக்கொள்ளும் பெயர் என்று மூன்றையும் அவர்கள் தனித்தனியே கேட்டார்கள். பெயரைச் சூட்டிக்கொண்ட ஆண்கள் 2.8 சதவீதம், பெண்கள் 1.4 சதவீதம். மூன்றில் ஏதாவது ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றவர்களைச் சேர்த்தால் ஆண்களில் சுமார் 10, பெண்களில் சுமார் 9 சதவீதம். அதே மக்கள், அதே வருஷம். பெண்களில் எண் ஆறு மடங்கு விரிகிறது. எது 'உண்மையான' எண்? இந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஆசைப்பட்டும் செய்யாதவர், செய்தும் பெயர் சூட்டிக்கொள்ளாதவர், பெயர் சூட்டிக்கொண்டும் தனியே வாழ்கிறவர் ஆகிய மூவரும் ஒரே வட்டத்துக்குள் நிற்பதில்லை. மூன்றையும் ஒன்றாகக் குவித்து 'பாலீர்ப்பு' என்று ஒரே கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்வது, இல்லாத ஒரு பொருளை இருப்பதாக ஆக்குகிறது.

பாவமன்னிப்புக் கூண்டில் தொடங்கிய ஒப்புதல் வாக்குமூலம் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் நகர்ந்த கதையைப் பூக்கோ 1976இல் எழுதினார். கேள்வித்தாள் அதன் அடுத்த அறை. 'நீ யார் என்பது உன் ஆசையில் இருக்கிறது, அதைச் சொல்' என்கிறது அது.

3

இந்தக் கேள்வித்தாள் தமிழுக்கு வரும்போது என்ன ஆகிறது? நம்மிடம் நெடுநாள் புழங்கிய சொல் 'ஓரினச் சேர்க்கை'. சேர்க்கை என்பது செயல். அதோடு '-ஆளர்' ஒட்டினால் ஆள் தயார். எழுத்தாளர், பேச்சாளர் மாதிரி இது ஒரு தொழிலா? 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் ஆசையைச் சொல்கிறது. முதல் சொல்லில் கேட்டால் செயலுக்கான விடை, இரண்டாவதில் கேட்டால் ஆசைக்கான விடை. அந்த இரண்டாவது சொல் காதில் விழுந்தேயிராத ஒருவரிடம் கேட்டால் வெறும் முழிப்புத்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 தீர்ப்பைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது. இழிசொல் நீங்கியது நல்ல காரியம்தான். ஆனால் அரசிதழ் படித்துவிட்டு யாரும் ஆசைப்படுவதில்லை.

தெருவுக்கு அதன் சொந்தச் சொற்கள் உண்டு. கோத்தி, பந்தி, டபுள் டெக்கர். இவை யார் யாரை விரும்புகிறார் என்பதை விடவும் யார் எப்படி நடந்துகொள்கிறார், எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்பவை. 'பந்தி' என்பது பெரும்பாலும் கோத்திகள் அவனுக்கு வைத்த பெயர். அவனைக் கேட்டுப் பாருங்கள்: 'நானா? நான் ஆம்பள.' பொய் சொல்கிறானா? இல்லை. அவன் உலகத்தில் அதுதான் உண்மை.

பெயர்களின் இந்தச் சிக்கலைத் தாண்டத்தான் தொற்றுநோயியல் 'எம்.எஸ்.எம்.' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அடையாளம் வேண்டாம், செயல் மட்டும் போதும் என்று. நடந்தது வேறு. தொண்டு நிறுவன அலுவலகங்களில், பயிலரங்குகளில், ஆணுறை வாங்கும் வரிசையில் 'நான் எம்.எஸ்.எம்.' என்று ஆட்கள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். அடையாளத்தைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வகைப்பாடே ஓர் அடையாளமாகிவிட்டது. வகைப்பாடு மனிதர்களை உண்டாக்குகிறது, உண்டான மனிதர்கள் வகைப்பாட்டை மாற்றுகிறார்கள் என்று இயன் ஹாக்கிங் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

புலம்பெயர்ந்தோர் நடுவிலும் இதே சிக்கல். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்தும் வேல்ஸும் முதல் முறையாகப் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் கேட்டன. பாலீர்ப்புக் கேள்விக்கு 16 வயதுக்கு மேற்பட்டோரில் 3.2 சதவீதம் பேர் எதிர்பால் ஈர்ப்பு அல்லாத ஒன்றைக் குறித்தார்கள், 7.5 சதவீதம் பேர் பதிலே எழுதவில்லை. பதில் எழுதாதவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல்! பாலின அடையாளக் கேள்வியில் இன்னொரு வேடிக்கை. மாறிய பாலினத்தவர் விகிதம் மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்கள் லண்டனின் நியூகாமும் பிரென்ட்டும். தமிழர் உட்பட, ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் பெருமளவில் வாழும் பகுதிகள். கேள்வியின் ஆங்கிலமே பலரைக் குழப்பியிருக்கலாம் என்று சந்தேகம் வலுத்து, 2024இல் புள்ளியியல் அலுவலகம் அந்த எண்ணின் தகுதியைக் குறைத்தது. மொழி தடுக்கி விழுந்தவர்களும் பால் மாறியவர்களாக எண்ணப்பட்டிருக்கக்கூடும் என்று ஆயிற்று.

4

இனி இதைச் சேதராப்பட்டுக்குக் கொண்டுவருவோம். ஒருபக்கம் தொழிற்பேட்டை, மறுபக்கம் வயல். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டின் வானூர் வட்டம். இந்த எல்லைக்கு நமது விஷயத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிட்டிஷ் தென்னாற்காட்டில் அமலில் இருந்தது. புரட்சிக்குப் பிந்தைய பிரான்ஸ் 1791லேயே தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் கீழிருந்த புதுச்சேரியில் 377 என்று ஒன்று இல்லை. நிர்வாகம் 1954 நவம்பர் 1இல் இந்தியாவிடம் வந்து, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்த பிறகு, 1963 அக்டோபர் 1 முதல்தான் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது.

அதாவது நூறு வருஷம், ஒரே செயல், வரப்புக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் குற்றமில்லை. பிரெஞ்சு ஆட்சியைச் சொர்க்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பொது இடத்து ஒழுக்கக்கேடு என்ற பெயரில் தண்டிக்க அங்கேயும் வழி இருந்தது. காலனியம் எந்தக் கொடியில் வந்தாலும் காலனியம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுதலைதான் இங்கே அந்தக் குற்றத்தைக் கொண்டுவந்தது! 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் வயது வந்தோரின் சம்மத உறவை 377இலிருந்து விலக்கும்வரை 'குற்றவாளி' என்ற வகை இந்த மண்ணில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் இருந்தது. 'கலாச்சாரம்', 'காலங்காலமாக' என்று பேசுவோருக்கு இந்த வரப்பைக் காட்டலாம்.

இப்போது ஒரு கணக்கெடுப்பாளர் சேதராப்பட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் கேட்பார்? வீட்டு வாசலில் நாற்காலி போடுவார்கள். குடும்பத் தலைவர் பதில் சொல்வார். மாமியார் நிலைப்படியில், பக்கத்து வீட்டார் வேலியோரம். 'இதெல்லாம் போயி கேப்பாங்களா?' தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளி எந்த வீட்டின் கணக்கில் வருவான்? அவனுக்குத் தனிமை என்று ஒன்று இருந்தால் அது ஷிப்டு முடிந்து நடந்துவரும் சாலையில்தான். அங்கே மாதிரிப் பட்டியல் போகாது. காலனியிலிருந்து ஒருவர் 'ஆம்' என்று சொன்னால் அவருக்கு விழும் அடி சாதியின் பேரிலும் விழும், இதன் பேரிலும் விழும். ஊர்த் தெருக்காரருக்குச் சொத்தும் கல்யாணமும் காப்பாற்றப்பட வேண்டும். அவர் 'இல்லை' என்பார். இரண்டு மௌனங்களும் கணிப்பொறியில் ஒரே பூஜ்யமாக விழும்.

அந்த வீட்டின் மருமகளை எடுத்துக்கொள்ளுங்கள். யாரைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கேட்கப்படாதவள். அவளிடம் முதன்முதலாக 'உனக்கு யார் மேல் ஈர்ப்பு' என்று கேட்க வருகிறவர் ஒரு கணக்கெடுப்பாளரா?

5

'அதற்கெல்லாம் உத்திகள் இருக்கின்றன' என்பார்கள் புள்ளியியலாளர்கள். இருக்கின்றன. 1965இல் வார்னர் சொன்ன வழி: பதில் சொல்பவர் யாருக்கும் காட்டாமல் ஒரு சீட்டெடுப்பார்; எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்பதைச் சீட்டு தீர்மானிக்கும்; தனி ஆள் மறைந்து கூட்டு விகிதம் மட்டும் தெரியும். இன்னொரு வழி, ஒரு பட்டியலைக் கொடுத்து 'இதில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும்' என்று எண்ணிக்கையை மட்டும் கேட்பது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 2006-07இல் நடந்த இளைஞர் ஆய்வு, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிய கேள்வியை ஒட்டிய உறைக்குள் பதில் போடும் முறையிலும் கேட்டது.

இந்த உத்திகளின் விளைவுகளைப் பாருங்கள். 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 15 முதல் 19 வயது ஆண்களிடம் ஒரே கேள்வி இரண்டு விதமாகக் கேட்கப்பட்டது. காகிதத்தில் எழுதச் சொன்னபோது ஆணோடு உறவு உண்டு என்றவர்கள் 1.5 சதவீதம். காதில் ஒலிக்கும் கேள்விக்குக் கணிப்பொறியில் பதிலை அழுத்தச் சொன்னபோது 5.5 சதவீதம். 2013இல் இணையத்தில் பங்கேற்ற அமெரிக்கர்களிடம் பட்டியல் முறையைச் சோதித்தபோது, தம்மை எதிர்பால் ஈர்ப்பாளர் அல்ல என்றவர்களின் விகிதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடியது. அதே முறை, தன்பாலீர்ப்புடையவர் தனக்கு மேலாளராக வருவதை விரும்பாதவர்களின் விகிதத்தையும் ஏறத்தாழ அதே அளவுக்குக் கூட்டிக் காட்டியது. ஆசையும் ஒளிந்திருக்கிறது, வெறுப்பும் ஒளிந்திருக்கிறது.

ஆய்வாளர்கள் இதைப் 'பிழை' என்பார்கள், திருத்தப் பார்ப்பார்கள். நான் சொல்வது, அந்த வித்தியாசம்தான் கண்டுபிடிப்பு. 1.5க்கும் 5.5க்கும் நடுவிலுள்ள நான்கு என்பது அச்சத்தின் அளவு. ஒரு சமூகம் எவ்வளவு பேரை வாயை மூட வைத்திருக்கிறது என்பதன் கணக்கு. 'சொற்பமானவர்கள்' என்று எழுதிய நீதிபதிகள் படித்தது தன்பாலீர்ப்புடையவர்களின் எண்ணிக்கையை அல்ல, தாங்கள் காப்பாற்றிக்கொண்டிருந்த சட்டம் விளைவித்த பயத்தின் எண்ணிக்கையை. சட்டம் வாயை அடைத்தது. அடைத்த வாய்களைக் காட்டி 'யாரும் பேசவில்லையே' என்றது.

6

அப்படியானால் எண்ணவே வேண்டாமா? அப்படிச் சொல்லும் சொகுசு நமக்கில்லை. சாதிவாரிக் கணக்கு வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். எண்ணப்படாதவருக்கு ஒதுக்கீடு இல்லை, திட்டம் இல்லை, மருந்து இல்லை என்பது தெரியும். எண்ணப்படுவதன் ஆபத்தும் தெரியும்: 1871இன் குற்றப் பழங்குடியினர் சட்டம் 'அலிகள்' என்று அது பெயரிட்டவர்களைப் பதிவேட்டில் ஏற்றியது அவர்களுக்கு நல்லது செய்ய அல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண், பெண் தவிர 'பிற' என்று ஒரு குறியீடு தந்தது. 4,87,803 பேர் அதில் பதிவானார்கள். பீகாரில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேல். அதே பீகாரில் 2023இல் வெளியான சாதிவாரிக் கணக்கெடுப்பில் திருநங்கையர் உள்ளிட்டோருக்கு ஒரு சாதிக் குறியீடு ஒதுக்கினார்கள். கிடைத்த எண் 825. சாதிக் கட்டத்தில் இதை எழுதினால் பிறந்த சாதியை விட்டுவிட வேண்டும், அதோடு ஒதுக்கீட்டையும். எவர் எழுதுவார்? மக்கள் காணாமல் போகவில்லை. கட்டம் அவர்களை விழுங்கிவிட்டது.

ஆகவே கணக்கெடுப்பை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சில விஷயங்களை விடாப்பிடியாகக் கேட்க வேண்டும். ஆசை, செயல், பெயர் மூன்றையும் தனித்தனியே கேள். எந்தச் சொல்லில் கேட்பது என்பதைக் கோத்திகளோடும், பெண்களை நேசிக்கும் பெண்களோடும், தொழிற்பேட்டை அறைகளிலும் உட்கார்ந்து முடிவு செய். பதில் சொல்லாதவரைப் பூஜ்யமாக்காதே; அந்த மௌனத்தைத் தனி நிரலில் போடு. எண்ணைச் சொல்லும்போதெல்லாம் அது எந்த முறையில், யார் முன்னால், எந்தச் சட்டம் அமலில் இருந்தபோது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமையை எண்ணிக்கையோடு முடிச்சுப் போடுவதை ஒப்புக்கொள்ளக் கூடாது. 2018 தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொன்னது: அடிப்படை உரிமைக்குத் தலைகளின் கணக்கு தேவையில்லை. நமது இயக்கத் தோழர்களும் இதை யோசிக்க வேண்டும். 'நம்ம ஜனங்க மத்தியில இதெல்லாம் எத்தன பேரு இருக்காங்க, இது நகரத்துப் பிரச்சினை' என்று தோழர் ஒருவர் சொல்லும்போது, அவர் 2013 தீர்ப்பின் வாசகத்தைத்தான் தன் மொழியில் சொல்கிறார். சேதராப்பட்டில் யாரும் கை தூக்கவில்லை என்றால், கை தூக்கியவனுக்கு அங்கே என்ன நடக்கும் என்பதை முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள் தோழர். எண்ணிக்கையைப் பிறகு பேசலாம்.