முள் நகராத தண்ணீர்

கொழிஞ்சாம்பாறையில் அத்தை வீட்டு வாசலில் ஒரு தண்ணீர் மீட்டர், மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. மூடியைத் தூக்கி, கண்ணாடியை விரலால் துடைத்தால் கறுப்பு எண்கள் தெரியும். அவை ஆயிரம் லிட்டர் கணக்கு. சிவப்பு முள்கள் சில்லறை. உள்ளே இதழ் வைத்த சின்னச் சக்கரம். தண்ணீர் தள்ளத் தள்ள அது சுற்றும். அந்தச் சுற்றுகளை எண்ணித்தான் பற்சக்கரங்கள் லிட்டர் காட்டுகின்றன. மீட்டரின் நல்லதும் கெட்டதும் இந்தச் சக்கரத்தில்தான் இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் கேரள வாட்டர் அதாரிட்டி லிட்டருக்கு 1 காசு கூட்டியபோது, மாதம் 5,000 லிட்டர் வரையிலான வீட்டுக் கட்டணம் 22.05 ரூபாயிலிருந்து 72.05 ஆனது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீடுகளுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை இலவசம். வீட்டுக்கு ஒரு விலை, ஓட்டலுக்கு ஒரு விலை, ஏழைக்குச் சலுகை என்று லிட்டர் கணக்கில் பிரிக்க மீட்டர் இல்லாமல் முடியாது. கசிவு இருக்கிறதா என்று தெரியவும் அதுவே எளிய வழி: எல்லாக் குழாயையும் அடைத்த பிறகும் சிவப்பு முள் நகர்ந்தால் பிளம்பரைக் கூப்பிடலாம்.

ஆனால் வீடுகளில் சாதாரணமாகப் பொருத்தும் 15 மி.மீ. 'பி' வகுப்பு மீட்டரின் துல்லியத்துக்கு, மணிக்கு 30 லிட்டருக்குக் கீழே உத்தரவாதமில்லை. மேல்தொட்டி நிரம்பும் தறுவாயில் மிதவை வால்வில் நூலாக இறங்கும் தண்ணீருக்கு முள் அசையாமலே இருந்துவிடலாம். விட்டுவிட்டுச் சப்ளை வரும் குழாயிலோ தண்ணீருக்கு முன்னால் காற்று சீறி வரும். அதற்கும் சக்கரம் சுற்றும். தொட்டி கட்டியவருக்குச் சின்ன லாபம். தொட்டியில்லாமல் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருப்பவர் காற்றுக்கும் காசு கொடுக்கிறார்.

இவையெல்லாம் நல்ல மீட்டர் வாங்கினால் குறைகிற குறைகள். மீட்டர் நிற்கிற இடம்தான் பெரிய சிக்கல்: அது குழாயில் நிற்கிறது. கொழிஞ்சாம்பாறையும் அடங்கிய, மழை மறைவான சித்தூர் தாலுகாவில் தண்ணீர்ச் சண்டை நடந்ததோ நிலத்தடி நீரைப் பற்றி. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கி 2004-இல் நின்ற கோகோ கோலா ஆலை வழக்கில், நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி (டிசம்பர் 2003). ஆலையின் நிலம் போல 34 ஏக்கர் வைத்திருக்கும் நிலக்காரர் எடுக்கும் அளவுதான் ஆலைக்கும் என்றது தீர்ப்பு. 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. லிட்டர் கணக்கைச் சரிபார்க்க ஒரு மீட்டர் போதும். ஏக்கர் கணக்கோ பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் எட்டிப் பார்க்க வைக்கிறது. எனக்கு முதல் தீர்ப்பின் பக்கமே சாய்வு.

அதற்காக ஏக்கரைத் தலையில் வைத்து ஆடவும் முடியாது. இடுக்கியில் முல்லைப் பெரியாறு அணைக்கான 1886 குத்தகை 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் 5 ரூபாய் வீதம் போடப்பட்டது. 1970-இல் அது 30 ரூபாயானது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமும் சேர்ந்தது. தண்ணீர் எவ்வளவு போனாலும் நில வாடகை ஒன்றுதான்.

அத்தை வீட்டு மீட்டரிலிருந்து நாலடி தள்ளிப் போர்வெல் மோட்டார் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் அதுதான் ஓடுகிறது. எத்தனை யூனிட் கரண்ட் ஆனது என்று அத்தை கணக்காகச் சொல்வாள். எத்தனை லிட்டர் என்றால், "தொட்டி ரெண்டு தடவை ரொம்புச்சு" என்பாள்.