சால்வர் சரி என்றது, கோல் விழுந்தது

"நான்லீனியர் ஆப்டிமல் கண்ட்ரோல் படிக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்க?" என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது மேத்யூ கெல்லியின் டுடோரியலைத்தான். 2017இல் சியாம் ரிவ்யூ இதழில் வந்தது. அது சொல்லித்தருவது டைரக்ட் கொலோகேஷன். பொன்ட்ரியாகினின் துணைச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் நிலையையும் விசையையும் மாறிகளாக்கி, இயக்க விதியைக் கட்டுப்பாடாக எழுதி, சால்வரிடம் கொடுத்துவிடலாம்.

முதல் உதாரணம் அருமை. ஒரு கட்டையை 1 விநாடியில் 1 அலகு நகர்த்தி நிறுத்தணும், விசை வர்க்கத்தின் தொகையீடு மிகக் குறைவாக இருக்கணும். விசை 6இல் தொடங்கி நேர்கோடாக −6இல் முடியும் என்று பேனாவாலேயே போட்டுவிடலாம். கணினி தரும் விடையை உரசிப்பார்க்க நல்ல கல்.

அடுத்தது, வண்டியை ஆட்டியே தொங்கும் கோலை நிமிர்த்துவது. நானும் பைத்தானில் எழுதினேன். சால்வர் 'ஆப்டிமல்' என்றது. கிடைத்த விசையைத் தனி சிமுலேஷனில் ஓட்டினேன். கோல் நிமிரப்போய் விழுந்தது. இரண்டு ராத்திரி பக் தேடினேன்.

பக் இல்லை. இரண்டு விஷயங்கள் கலந்து கிடந்தன. ஒன்று, சால்வரின் உறுதி துண்டாக்கிய கணக்குக்கு மட்டும்தான். புள்ளிகளுக்கு நடுவில் இயக்க விதி மீறப்படலாம். இதைக் கெல்லி சொல்கிறார், பிழையை அளக்க வழியும் தருகிறார். நான்தான் அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருந்தேன். புள்ளிகளை இரட்டித்ததும் விலகல் குறைந்தது.

ஆனாலும் நிமிர்ந்த கோல் கொஞ்ச நேரத்தில் சாயத்தான் செய்தது. இது இரண்டாவது விஷயம்: அந்த நிலையே நிலையற்றது. அரை மீட்டர் கோல், நுனியில் எடை, அடி அசையாது என்று வைத்துக்கொண்டால், சின்னக் கோணப் பிழை 1 விநாடியில் சுமார் 40 மடங்காகிவிடும். புள்ளிகளைக் கூட்டினால் விழுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். தேவை பின்னூட்டம். எல்.க்யூ.ஆர். சேர்த்தேன், நின்றது.

என் குறை இங்கேதான். அந்த உதாரணம் வழவழப்பான வரைபடத்தோடு நின்றுவிடுகிறது. அதே விசையைப் பின்னூட்டம் இல்லாமலும் சேர்த்தும் ஓட்டிய ஒரு படம் போட்டிருந்தால், பாதை வேறு, கட்டுப்பாட்டுக் கருவி வேறு என்பது புதியவருக்கு உடனே புரிந்திருக்கும்.

இப்போதும் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரே நிபந்தனை: அந்தப் படத்தை நீங்களே போட்டுப் பாருங்க.