எழுபத்தைந்து விழுக்காடு உடல்

செமஸ்டரின் முதல் நாளில் மாணவிகளுக்கு ஒரு தாள் கொடுக்கிறோம். வருகைப்பதிவு 75 விழுக்காடு. அக மதிப்பெண் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. மூன்று உள்தேர்வுகள், ஒரு ஒப்படைப்பு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காதவர்களுக்குச் செய்முறைத் தேர்வில் இடமில்லை. யாரும் இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிப்பதில்லை. ஆனால், தன் மாணவி யார், அவள் உடல் எப்படிப்பட்டது, அவளுக்கு வீடு என்று ஒன்று இருக்கிறதா என்பதைப் பற்றிக் கல்லூரி என்ன நினைக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

இளங்கலை விலங்கியல் மாணவிகளுக்குப் பல ஆண்டுகள் மரபியல் நடத்தியவள் நான். அந்தத் தாளை நானே அடித்து, நானே வாசித்து, நானே அமல்படுத்தியும் இருக்கிறேன். எனவே இந்த விமர்சனம் முதலில் என் மீதானது.

வருகைப்பதிவிலிருந்து தொடங்குவோம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள். அதில் 75 விழுக்காடு என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். 22 நாள் வராமல் இருக்கலாம். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. பண்பொழியிலிருந்து தென்காசிக்கோ குற்றாலத்துக்கோ படிக்கப் போகும் ஒரு பெண்ணை வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் பேச்சில் அது பம்புளி. மேற்கே மலை, சுற்றிலும் வயலும் தென்னையும். மாதவிடாயின்போது மாதம் 2 நாள் எழுந்திருக்க முடியாதவளுக்கு ஐந்து மாதத்தில் 10 நாள் போய்விடும். மீதி 12. அம்மா நடவுக்கோ களையெடுப்புக்கோ போகும் நாளில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் நிற்பது யார்? அண்ணன் நிற்பதில்லை. தாத்தாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் படுப்பது யார்? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். புதிய கல்வியாண்டு தொடங்குவதும் அப்போதுதான். வரும் பேருந்தெல்லாம் துண்டும் எண்ணெயுமாகக் கூட்டம். படியில் தொங்கிக்கொண்டு போக ஆணுக்கு முடியும். முதல் மணி தவறினால் அதுவும் பதிவேட்டில் ஏறும்.

75-க்குக் கீழே போனால் கண்டோனேஷன் என்று ஒரு வழி உண்டு. கட்டணம் கட்ட வேண்டும், மெடிக்கல் சர்டிபிகேட் வைக்க வேண்டும். அந்தச் சான்றிதழை வாங்கப் போகும் நாளும் ஆப்சென்ட்தான். அந்தச் சான்றிதழ் நோயை மட்டுமே அறியும். பிறருடைய நோய்க்காகத் தன் நாளைக் கொடுத்தவளுக்கு அதில் எழுத இடமே கிடையாது.

பண்பொழியிலிருந்து மேக்கரை வழியாக மலை ஏறி இறங்கினால் அச்சன்கோவில், அது கேரளம். 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதவிடாயைக் கணக்கில் கொண்டு மாணவிகளுக்கு 2 விழுக்காடு வருகைச் சலுகை அளித்தது. அதே மாதம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் அரசு அதை விரிவாக்கியது. மாணவிகள் 73 விழுக்காடு வந்தால் போதும் என்றானது. நம் 90 நாள் கணக்கில் 2 விழுக்காடு என்பது 1.8 நாள். ஒரு செமஸ்டர் முழுவதற்கும் இரண்டு நாள்கூட முழுதாகத் தேறாது. ஆனாலும் அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. விதி எழுதும் தாளில் பெண்ணின் உடல் ஓர் எண்ணாகவாவது நுழைந்திருக்கிறது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், பேறுகால விடுப்பும் வருகைத் தளர்வும் பற்றி இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் விதிகள் வகுக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு கேட்டுக்கொண்டது. நம் கல்லூரிகளில் முதல் நாள் கொடுக்கும் தாளில் அந்த வரியை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

தமிழ்நாடு பெண்ணைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவர நிறையச் செய்திருக்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அப்படி வந்து சேர்ந்தவளைத்தான் வருகைப் பதிவேடு வெளியே அனுப்புகிறது.

அடுத்தது செய்முறை. மரபியல் சோதனைச்சாலையின் நாயகி பழ ஈ. ரவையும் வெல்லமும் அகரும் சேர்த்துக் கிண்டிய கூழை பாட்டிலில் ஊற்றி அதில் வளர்ப்போம். கலப்புச் சோதனைக்குப் புணராத பெண் ஈக்கள் வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பெண் ஈ ஏறத்தாழ 8 மணி நேரத்துக்குப் பிறகே இணைசேரத் தொடங்கும். அதற்குள் பிரித்தெடுக்க வேண்டும். விடியற்காலையில்தான் அதிகமாக வெளிவரும். ஆக, காலையில் சீக்கிரம் வந்து பாட்டிலைக் காலி செய்து, மாலையில் இருந்து புதியவற்றைப் பொறுக்க வேண்டும். மாலை மங்குவதற்குள் விடுதிக் கதவு மூடும் பெண்ணும், கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணும் இதை எப்படிச் செய்வார்கள்? விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ஜ்ரா தோட்' இயக்கத்தைத் தொடங்கியபோது, இரவில் ஊர்சுற்றக் கேட்கிறார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. ஒரு பாட்டில் ஈயை மாலை ஏழு மணிக்கு எண்ணும் உரிமையும் அதில் அடக்கம்.

எனவே நம் மாணவிகளில் பலர் ஈயைப் பார்க்காமலே ஈயைப் பற்றி எழுதுகிறார்கள். மணிகளைக் குலுக்கிப் போட்டு 3:1 என்று எழுதுவார்கள். அல்லது சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவார்கள். நாம் கலர் பென்சிலுக்கும் கோடு நேராக இருப்பதற்கும் மதிப்பெண் போடுகிறோம். மெண்டல் எண்ணிய பட்டாணிகளில் உருண்டை 5,474, சுருங்கியவை 1,850, விகிதம் 2.96:1. மெண்டலின் முடிவுகள் எதிர்பார்ப்போடு அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன என்று 1936இல் ஆர்.ஏ. ஃபிஷர் எழுதினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நம் ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ! உண்மையான எண்ணிக்கை கோணலாக வரும். கோணலாக வந்ததை அப்படியே எழுதி, ஏன் என்று யோசித்தவளுக்குக் குறைந்த மதிப்பெண். சரியான விகிதத்தை அழகாகக் காப்பியடித்தவளுக்கு முழு மதிப்பெண். சொன்னதைக் கேட்டு, சுத்தமாக எழுதி, கேள்வி கேட்காமலிருக்கும் பெண்ணை வீடு எப்படிப் பாராட்டுமோ, அப்படியே நாமும் பாராட்டுகிறோம். அறிவியல் மட்டும் அதில் இல்லை.

மூன்றாவது, ஒப்படைப்பு. என்னால் இன்னும் மறக்க முடியாதது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், மூன்று தலைமுறைக்கு உங்கள் குடும்ப வம்சாவளிப் படம் வரைந்து வாருங்கள், 5 மதிப்பெண் என்று சொன்னேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவுக்குள் மணமானால் இரட்டைக் கோடு. ஒரு மாணவி கொண்டுவந்த படத்தில் அவளுக்கு அண்ணனே இல்லை. அண்ணனைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி அவள் அடிக்கடி விடுப்பு எடுத்தது எனக்குத் தெரியும். 'தகவல் முழுமையில்லை' என்று எழுதி 5க்கு 2 போட்டேன். செமஸ்டர் முடிவில் கண்டோனேஷன் பட்டியலிலும் அவள் பெயர் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்க அப்பா எங்க அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன், மேம். அண்ணனுக்குக் காது கேக்காது. அத நான் ரெட்டைக் கோடு போட்டு எப்படி வரையதுக்கு? எல்லாரும் எங்க அம்மாவத்தான சொல்லுவாங்க?"

தாய்மாமன் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு உட்கலப்புக் கெழு 1/8. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் 1/16. உள்தேர்வில் இந்தக் கணக்கைப் பிழையில்லாமல் போட்டவள் அவள். ஒடுங்கு பண்புள்ள குறைபாடு வெளிப்பட இரண்டு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வர வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஊர் தாயைத்தான் சொல்லும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தத் திருமணத்தை முடிவு செய்தபோது அம்மாவிடம் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவுக்குள் மணந்தவர்கள். என் வகுப்பில் எத்தனை வீடுகளில் அந்த இரட்டைக் கோடு இருந்திருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் அளந்தது அவளுடைய மரபியல் அறிவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டை வகுப்பின் முன் திறந்து காட்டத் தயாரா என்பதைத்தான் அளந்திருக்கிறேன். அவளுடைய வருகைக் குறைவுக்கும் அந்த 2 மதிப்பெண்ணுக்கும் காரணம் ஒன்றே: அவள் அண்ணனைப் பார்த்துக்கொள்கிற தங்கை.

நான்காவதை நாம் வெளிப்படையாகப் பேசுவதே இல்லை. பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவியின் பெயர் தெரியாது. அக மதிப்பெண் போடுபவருக்குப் பெயர், ஊர், தெரு, சாதி எல்லாம் தெரியும். "இன்டர்னல் என் கையில் இருக்கு" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் கல்லூரி முடித்த பெண்கள் குறைவு. 2018இல் அருப்புக்கோட்டையில் கல்லூரி ஆசிரியை ஒருவர் மாணவிகளிடம் பேசிய தொலைபேசி ஒலிப்பதிவு வெளியானது. மேலதிகாரிகளுக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்பது அந்தப் பேச்சின் சாரம். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு ஆண்கள் விடுவிக்கப்பட்டார்கள். மதிப்பெண்ணை ஆசைகாட்டும் பொருளாக்க முடிந்ததென்றால், அது போடப்படும் விதம் அவ்வளவு இருட்டில் இருக்கிறது என்று பொருள். எதற்கு எவ்வளவு, யாரிடம் முறையிடலாம், உள்ளகப் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் முதல் நாள் தாளிலேயே அச்சாக வேண்டும்.

இத்தனையையும் மற்றப் பாடங்களுக்கும் சொல்லலாம். மரபியலுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. 1909இல் வில்ஹெல்ம் யோஹான்சன் ஜீன் வகையம், புறத்தோற்றம் என்ற இரண்டையும் பிரித்துப் பெயரிட்டார். கண்ணுக்குத் தெரிவது மரபும் சூழலும் சேர்ந்த விளைவு என்பதைக் கரும்பலகையில் P = G + E என்று எழுதி, வறண்ட மண்ணில் வளர்ந்த செடியையும் உரமிட்ட மண்ணில் வளர்ந்த செடியையும் வைத்து விதையின் தரத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லித் தருகிறோம். அடுத்த மணியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து "இவளுக்கு மண்டையில ஏறாது" என்கிறோம். மதிப்பெண்ணும் ஒரு புறத்தோற்றம்தான் என்பது மரபியல் ஆசிரியருக்கே மறந்துபோகிறது. மனிதரைப் பிறப்பால் தரம் பிரிக்கலாம் என்று நம்பிய யூஜெனிக்ஸுக்கு 1883இல் பெயர் வைத்தவர் கால்டன். அந்த நம்பிக்கை சாதியாக நம்மிடம் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது. மரபியல் வகுப்பு இரண்டையும் உடைக்க வேண்டிய இடம்.

இடையில் காணாமல் போனவளுக்கு அறிவில்லை என்று சொல்பவர்களுக்கு லிலியன் வான் மார்கனின் கதையைச் சொல்வேன். பழ ஈ ஆய்வுக்குப் பேர்போன தாமஸ் ஹண்ட் மார்கனின் மனைவி. நான்கு பிள்ளைகள் வளரும்வரை ஆய்விலிருந்து விலகியிருந்தார். திரும்பி வந்து, பதவியோ சம்பளமோ இல்லாமல் கணவரின் சோதனைச்சாலையில் வேலை செய்து, ஒட்டிய எக்ஸ் குரோமோசோம்கள் கொண்ட ஈயைக் கண்டறிந்து 1922இல் வெளியிட்டார். கணவர் இறந்த பிறகு, 1946இல்தான் அவருக்கு முறையான பணியிடம் கிடைத்தது. நம் வருகைப் பதிவேட்டில் அவர் எந்த ஆண்டும் தேறியிருக்க மாட்டார்.

இப்போது என் தாள் மாறியிருக்கிறது. மூன்று உள்தேர்வில் சிறந்த இரண்டு கணக்கில் வரும். தவறவிட்டதற்குக் காரணம் கேட்காமல் ஒரு மறுதேர்வு. விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண். ஈக்களை முறைவைத்து, ஊர் தூரம் பார்த்துப் பிரித்துக்கொள்கிறோம். மாலை எண்ணிக்கையை ஆசிரியர்களும் பகிர்ந்துகொள்கிறோம். கோணலான விகிதத்துக்கு நேர்மையான விளக்கம் எழுதினால் முழு மதிப்பெண். வம்சாவளிப் படம் கற்பனைக் குடும்பத்துக்கு மட்டும். "தரம் போய்விடும்" என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். ரெக்கார்டுகள் முன்பைவிட அழுக்காகியிருக்கின்றன; அவற்றில் கேள்விகள் கூடியிருக்கின்றன.

75 விழுக்காடு என் கையில் இல்லை. அது மேலிருந்து வருவது. அதை மாற்றப் பாடத்திட்டக் குழுவிலும் கல்விக் குழுவிலும் ஆட்சிக் குழுவிலும் பேச வேண்டும், பேச ஆள் வேண்டும். அந்த மாணவி கட்டணம் கட்டித் தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றாள். அந்த 2ஐ நான் திருத்தவில்லை. விஷயம் எனக்குத் தெரியவந்தபோது அக மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தது. அவளுடைய மதிப்பெண் சான்றிதழில் அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.