மஞ்சள் குஞ்செல்லாம் பொட்டையா?

போன ஆடியில் குற்றாலச் சாரலுக்குப் போனபோது தென்காசியில் அக்கா வீட்டில் தங்கினேன். மொட்டை மாடியில் அக்கா மகன் கூண்டு கட்டி, மண்பானை தொங்கவிட்டு, தினை போட்டு லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறான். அன்னைக்கு அவன் முகமே சரியில்ல. எதிர் வீட்டு மாமாவுக்கு ஜோடின்னு சொல்லிக் கொடுத்த மஞ்சளும் பச்சையும் எட்டு முட்டை போட்டும் ஒண்ணுகூடப் பொரிக்கலையாம். ரெண்டுமே பொட்டை! "கடைக்கார அண்ணாச்சி சொன்னதத்தான் நம்பினேன் மாமா. சிவப்புக் கண்ணு மஞ்சக் குஞ்சுன்னா பொட்டை, பச்சைன்னா ஆண்னாரு" என்றான்.

இந்த விதியைக் கடைகளிலும் வீடியோக்களிலும் நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். இது முழுப் பொய் கிடையாது. ஒரு விதியின் பாதி. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் புகார்.

நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பொட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. கருநிறமியை நிறுத்திப் பறவையை மஞ்சளாக்கும் லூட்டினோ மரபணு இசட்டில் இருக்கிறது. மகளுக்கு இசட் அப்பாவிடமிருந்து மட்டுமே வரும். அதனால் அப்பா மஞ்சள், அம்மா பச்சை என்றால் மகள்கள் எல்லாம் மஞ்சள், மகன்கள் எல்லாம் பச்சை. கண் திறக்கும் முன்பே தோலுக்கு அடியில் தெரியும் சிவப்பை வைத்துச் சொல்லிவிடலாம். அண்ணாச்சியின் விதி முழுசாகச் செல்லுவது இங்கே மட்டும்தான்.

ஜோடியை மாற்றிப் பாருங்கள். அப்பா சுத்தப் பச்சை, அம்மா மஞ்சள் என்றால் குஞ்செல்லாம் பச்சை, ஒன்றும் தெரியாது. அப்பா மஞ்சளை மறைத்து வைத்திருக்கும் 'ஸ்ப்ளிட்' பச்சை, அம்மா பச்சை என்றால் மஞ்சள் குஞ்சு நிச்சயம் பொட்டை. பச்சைக் குஞ்சு எதுவாகவும் இருக்கலாம். ஸ்ப்ளிட் அப்பாவும் மஞ்சள் அம்மாவும் என்றால் இரண்டு நிறத்திலும் இரண்டு பாலும் வரும். அக்கா மகனிடம் இருந்தது இந்தக் கடைசி ஜோடி.

சரி, மூக்கைப் பார்த்தால்? வளர்ந்த ஆணுக்கு நீலம், பொட்டைக்குப் பழுப்பு என்பது பச்சைப் பறவைக்குச் சரி. ஆனால் லூட்டினோ ஆணின் மூக்கு வளர்ந்த பிறகும் இளஞ்சிவப்பு, ஊதாவாகவே இருக்கும். அதிக விலை சொல்லி விற்கும் பறவையிலேயே அடையாளம் குழப்புகிறது!

இதைவிட மோசம், 'ஸ்ப்ளிட் லூட்டினோ பொட்டை' என்று கூடுதல் விலைக்கு விற்பது. பொட்டைக்கு இருப்பதே ஒரு இசட். அதில் லூட்டினோ இருந்தால் அவள் மஞ்சள், இல்லாவிட்டால் இல்லை. மறைத்து வைக்க இடமே கிடையாது. அப்படி ஒரு பறவை இந்த உலகத்தில் இல்லை.

'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரும் சேர்ந்து குழப்புகிறது. ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ் வேறு இனம். அதிலும் பீச்ஃபேஸ் வகையில் லூட்டினோ பாலோடு சேர்ந்து வரும். ஃபிஷர் வகையில் வராது. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் போட்டால் தப்பாகும்.

ஆகவே விற்பவரிடம் குஞ்சின் நிறத்தைக் கேட்காதீர்கள்; அப்பா அம்மா நிறத்தைக் கேளுங்கள். அப்பாவின் பெற்றோரையும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மூக்கு நீலமாகும் வரை காத்திருங்கள், இல்லை இறகைக் கொடுத்து டிஎன்ஏ சோதனை செய்யுங்கள்.

அக்கா மகன் நீல மூக்கு வந்த ஒரு பச்சை ஆணைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு பொட்டையைத் திரும்ப வாங்கி வந்தான். இப்போது ஒவ்வொரு பானைக்கும் அப்பா, அம்மா நிறம் எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறான்.