விதியும் விளையாட்டும்

விதி என்னும் ஒரே சொல் நம் மொழியில் இரு பொருள் தருவது. மனிதர் கூடி வகுத்துக்கொண்ட ஒழுங்கையும் விதி என்கிறோம். மனிதரால் மாற்ற இயலாதென்று சொல்லப்படும் ஊழையும் விதி என்கிறோம். முன்னது எழுதப்பட்டது, எழுதியவரைக் கேள்வி கேட்கலாம், பிழையிருப்பின் திருத்தலாம். பின்னதன்முன் கைகட்டி நிற்றலே கடன் என்பர். யாரோ ஒருவர் எழுதிய விதியை ஊரார் ஊழென்று நம்பிவிடுவரேல், அவ்விதியைக் காக்கக் காவலரும் வேண்டுவதில்லை.

பெருங்காரியங்களில் இவ்வுண்மையை உணர்ந்தோர் பலர், சிறு காரியங்களில் இதனை மறந்துவிடுகின்றனர். விளையாட்டு அத்தகைய சிறு காரியமாகவே எண்ணப்படுகிறது. ஆயினும், தோட்டத்துப் பிள்ளை, பட்டணத்துப் பிள்ளை என்ற வேறுபாடின்றி நம் சிறுவர் இன்று புத்தகத்தோடு கழிக்கும் பொழுதினும் கைபேசியிலும் கணினியிலும் விளையாடிக் கழிக்கும் பொழுது அதிகம் என்பதைப் பெற்றோர் அறிவர். ஆதலின் இதனைச் சற்று ஆராய்வது வீணாகாது.

கணினி விளையாட்டைப்பற்றிய வாதம் புதியதன்று. 1993-இல் அமெரிக்க செனட் சபை, விளையாட்டுகளில் மலிந்த கொடுமைக் காட்சிகளைப்பற்றி விசாரணை நடத்தியது. அடுத்த ஆண்டே வயதுக்கேற்ற தரம் குறிக்கும் முறை அங்கே ஏற்பட்டது. கொடுமை மிகுந்த விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்றலாகாதென்று கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டத்தை, 2011-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. நூலுக்கும் நாடகத்துக்கும் உள்ள கருத்துரிமை விளையாட்டுக்கும் உண்டென்பது அத்தீர்ப்பின் சாரம். சீன அரசாங்கமோ 2021-இல், பதினெட்டு வயது நிரம்பாதோர் இணைய விளையாட்டுகளை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும், அதுவும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே ஆடலாமென்று ஆணையிட்டது.

இவ்வாதங்களில் ஒரு சாரார் சிந்திய இரத்தத்தை அளக்கின்றனர், மற்றொரு சாரார் கழிந்த நேரத்தை அளக்கின்றனர், மூன்றாமவர், “இது வெறும் விளையாட்டுத்தானே!” என்று எழுந்துபோகின்றனர். மூவரும் தொடாது விட்ட கேள்வி ஒன்றுண்டு. நூலைப்போல விளையாட்டும் கருத்துரைக்கும் பொருளென்று நீதிமன்றமே ஒப்புமாயின், நூலை ஆராய்வதுபோல் அதனையும் ஆராய வேண்டாமா? நூலின் கருத்து அதன் சொற்களில் உள்ளது. விளையாட்டின் கருத்து எங்கே உள்ளது? அதன் விதிகளில் உள்ளது என்பது நம் துணிபு.

நம் பாட்டிமார் ஆடிய பரமபதத்தை நோக்குக. நற்குணத்தின் பெயரால் ஏணி, தீக்குணத்தின் பெயரால் பாம்பு. படம் ஒழுக்கத்தைப் போதிக்கிறது; விதியோ வேறொன்றைப் போதிக்கிறது. ஆடுவோன் தானாகத் தேர்ந்துகொள்ளத்தக்கது அப்பலகையில் ஒன்றுமில்லை. தாயக்கட்டை விழுந்தபடி ஏறவேண்டும், விழுந்தபடி இறங்கவேண்டும். நல்லவனாயிருக்க முயன்றவனும் முயலாதவனும் அங்கே ஒன்றே. படத்தை நம்பினால் ஒழுக்க நூல். விதியைப் படித்தால் ஊழின் நூல். விளையாட்டை ஆராய்வோர் படத்தோடு நின்றுவிடலாகாதென்பதற்கு இதுவே சான்று.

இனி, விதியைக் கருவியாகக்கொண்டே ஊழை எதிர்த்த விளையாட்டு ஒன்றைக் காண்போம். அமெரிக்காவில் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்த எலிசபெத் மேகி என்னும் அம்மையார், 1904-இல் ஒரு விளையாட்டுப் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். நிலக்கிழார் விளையாட்டு என்பது அதன் பெயர். நிலத்தின் மதிப்பு ஊரார் உழைப்பால் உயருகிறது, அவ்வுயர்வை நிலக்காரர் வாடகையாக உண்கிறார், அவ்வாடகையின்மீது வரிவிதித்துப் பொதுநலத்துக்குச் செலவிடல் வேண்டும் என்று வாதித்த ஹென்றி ஜார்ஜின் கொள்கையை அம்மையார் பின்பற்றியவர். புத்தகம் படியாதவரும் அக்கொள்கையைக் கைகளால் உணரட்டும் என்றே பலகையைப் படைத்தார்.

அப்பலகையின் நான்கு மூலைகளும் நான்கு பாடங்கள். ஒரு மூலையில், நிலமகள்மீது உழைத்தால் கூலி கிடைக்கும் என்னும் பொருள்பட எழுதியிருந்தது. அதைக் கடப்பவர்க்கு 100 டாலர் கூலி. இன்னொரு மூலை இலண்டன் பிரபு ஒருவருக்குச் சொந்தமான நிலம். அத்துமீறி அதில் கால்வைத்தவர் சிறைக்குச் செல்லவேண்டும். மூன்றாவது, அச்சிறை. நான்காம் மூலையில் பொதுப் பூங்காவும் ஏழையர் விடுதியும் அடுத்தடுத்து நின்றன. பணமிழந்தவர் அவ்விடுதிக்குச் சென்று தங்கவேண்டும், ஆட்டத்தைவிட்டு நீங்குவதில்லை.

இவற்றினும் சிறந்தது அவர் வகுத்த இருவகை விதிகள். ஒரு வகையில், மற்றவரை வறியராக்கி எல்லா நிலத்தையும் பற்றிக்கொள்பவர் வெல்வார். மற்றொரு வகையில், புதிதாக விளையும் செல்வத்தில் எல்லோருக்கும் பங்குண்டு. யாவரினும் குறைந்த பணமுள்ளவர் தம் முதலை இரட்டிப்பாக்கியபோதே ஆட்டம் வெற்றியாக முடியும். பலகை ஒன்றே, காய்கள் அவையே, ஆடுவோர் அவரே. விதி மாறியதும் அண்ணன் தங்கையைக் கசக்கிய வீட்டில் அண்ணனே தங்கை உயரக் காத்திருக்கிறான். உலகம் இப்படித்தான் இருக்கவேண்டுமென்பதில்லை என்பதை இதனினும் எளிதாக எச்சொற்பொழிவும் உணர்த்தவில்லை.

அப்பலகைக்குப் பின்னர் நேர்ந்த கதி யாது? அது கைமாறிக் கைமாறிப் பல ஊர்களில் ஆடப்பட்டது. அட்லாண்டிக் சிட்டி நகரத்துத் தெருப்பெயர்கள் அதில் ஏறின. அவ்வடிவத்தைச் சார்லஸ் டாரோ என்பவர் தம்முடையதென்று விற்க, பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1935-இல் மோனோபோலி என்னும் பெயரால் அதனை வெளியிட்டது. மேகி அம்மையாரின் காப்புரிமை 500 டாலருக்கு வாங்கப்பட்டது; விற்பனையில் பங்கில்லை. பொருளாதாரப் பேராசிரியர் ரால்ஃப் அன்ஸ்பாக் 1973-இல் ஏகபோகத்துக்கு எதிரான ஒரு பலகையை வெளியிட்டு, அதனால் எழுந்த நீண்ட வழக்கில் பழைய ஏடுகளைத் தேடி எடுத்த பின்னரே இவ்வரலாறு வெளிச்சத்துக்கு வந்தது. மலேசிய வீடுகளில் சைடினா என்ற பெயரில் ஆடப்படுவதும் இவ்வினத்தைச் சேர்ந்த பலகையே.

பழைய மூலைகளைப் புதிய மூலைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். உழைப்பு எழுதியிருந்த மூலையில் இப்பொழுது புறப்படும் இடம் உள்ளது. கடந்தால் 200 டாலர் சம்பளம். எவ்வேலைக்குச் சம்பளம் என்பது எழுதப்படவில்லை. பிரபுவின் நிலம் மறைந்தது. சிறைக்குப் போகச்சொல்லும் போலீஸ்காரர் மட்டும் நிற்கிறார். ஏன் சிறை என்று அவர் சொல்வதில்லை. பூங்காவும் ஏழையர் விடுதியும் இருந்த இடத்தில் இலவசமாக வண்டி நிறுத்தலாம். கடனில் மூழ்கியவர் ஆட்டத்தைவிட்டே வெளியேறுகிறார். ஏழை பலகையில் இல்லை. ஆதலின் ஏழ்மையும் இல்லை! யாவற்றினும் முக்கியமாக, இருவகை விதிகளில் ஒருவகை போயிற்று. இரண்டு இருந்தவரை அது வாதம்; ஒன்றானதும் அது ஊழ்.

“மக்கள் ஏகபோக விதியையே விரும்பி ஆடினர், பொதுநல விதி சுவைக்கவில்லை, அதற்கென்ன செய்வது?” என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. பிறரைத் தோற்கடிப்பதில் ஒரு சுவை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரு விதியும் ஒரே பெட்டியில் இருந்து, ஆடுவோர் ஒன்றை விரும்பியெடுத்தால் அது தேர்வு. பெட்டியில் ஒன்றே வைத்துவிட்டு, மக்கள் அதனையே விரும்புகின்றனர் என்று சொல்வது தேர்வாகாது.

அட்டைப் பலகையிலோ இன்னும் ஒரு நன்மை எஞ்சியிருந்தது. விதி ஒரு தாளில் அச்சிட்டிருந்தது. தண்டப் பணத்தை நடுவில் குவித்து, வண்டி நிறுத்துமிடத்தில் வந்தவருக்கு அதனைக் கொடுப்பது எத்தனையோ வீடுகளின் வழக்கம். நிறுவனத்தின் தாளில் அவ்விதி இல்லை. வீட்டார் கூடிப் பேசித் தாமே எழுதிக்கொண்டனர். கணினி வந்தபின் விதி தாளைவிட்டு இயந்திரத்துக்குள் புகுந்தது. அங்கே அதனைப் படிக்கவும் முடியாது, பேசி மாற்றவும் முடியாது. இயந்திரம் வாதிப்பதில்லை, விளைவை மட்டும் காட்டுகிறது.

இவ்வகையில் தலைசிறந்த படைப்பையே எடுத்துக்கொள்வோம். வில் ரைட் என்பவர் அமைத்து 1989-இல் வெளிவந்த சிம்சிட்டி ஓர் அரிய விளையாட்டு. சுடுதலும் வெட்டுதலும் மலிந்த காலத்தில், வெற்றுநிலத்தில் சாலையிட்டு, மின்சாரம் கொண்டுவந்து, நகரம் வளர்வதைக் காணும் இன்பத்தை அது தந்தது. சிறுவர் பலரை நகர அமைப்பில் நாட்டங்கொள்ளச் செய்த பெருமையும் அதற்குண்டு. ஆயினும் அதன் நகரம் எவ்விதியால் வளர்கிறது?

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969-இல் வெளியிட்ட நகர இயக்கம் பற்றிய நூல், ரைட்டுக்குத் தூண்டுதலாயிருந்த நூல்களில் ஒன்று. ஏழைகளுக்கு மலிவான வீடு கட்டித்தருவது நகரைக் கெடுக்கும், பழைய குடியிருப்பை ஆண்டுதோறும் இடித்து அவ்விடத்தில் தொழில் வளர்ப்பதே நன்று என்பது ஃபாரஸ்டரின் கணக்குத் தந்த முடிவு. நகரைச் சூழ்ந்த புறநகர்களை அக்கணக்கில் சேர்க்கவேயில்லை என்று அறிஞர் அன்றே குறைகூறினர். நூலாக இருந்தமையால் குறைகூற முடிந்தது. விளையாட்டின் உள்ளே இருக்கும் கணக்கை யார் குறைகூறுவர்?

பள்ளி மாணவி ஒருத்தி சிம்சிட்டி ஆடிக் கற்ற பாடங்களுள் ஒன்றாக, வரியை உயர்த்தினால் கலகம் மூளும் என்று சொன்னதை ஷெர்ரி டர்க்கிள் தம் ஆராய்ச்சியில் குறித்துள்ளார். அம்மாணவி அதனை அவ்விளையாட்டின் ஒரு விதியாகக் கொள்ளவில்லை. உலக இயற்கையாகவே கொண்டாள். கணினி அறிஞர் ஆலன் கே இவ்விளையாட்டில் கண்ட குறையும் இதுவே: பிள்ளைகள் அதன் அடிப்படைக் கொள்கைகளைக் காணவும் மாற்றவும் வழியில்லை.

மற்றுமொன்று. சிம்சிட்டியில் நிலத்துக்கு விலை உண்டு. நிலக்காரர் என்று ஒருவர் இல்லை. மேகி அம்மையார் எவரைச் சுட்டிக்காட்டவே பலகை செய்தாரோ, அவர் இங்கே கண்ணுக்குத் தெரியாமலே போனார். இடிக்கும் புல்டோசர் உண்டு. ஒரு கட்டத்தை இடிக்க ஒரு டாலர். அங்கிருந்த குடிகள் எங்கே சென்றனர் என்ற கேள்விக்கு அவ்விளையாட்டில் இடமில்லை. இந்நாட்டுத் தமிழர்க்கு இக்கேள்வியை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. புத்ராஜெயா எழுந்த நிலம் முன்பு பிராங் பெசார் முதலிய தோட்டங்களாக இருந்தது. 1990-களில் நகரம் எழும்பியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் டெங்கிலில் அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தன. மனிதர் கட்டங்களைப்போல மறைவதில்லை; பானை சட்டிகளோடு வேறிடம் செல்கின்றனர்.

இவ்விதிகளின் உண்மை உருவை வெளிப்படுத்தியவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கட்டடக்கலை மாணவர் ஒருவர். ‘சிம்சிட்டி 3000’ என்னும் பிற்கால விளையாட்டில், மக்கள்தொகையைப் பெருக்குவதொன்றே குறியாகக் கணக்கிட்டு, ஏறத்தாழ 60 இலட்சம் பேர் நெருங்கிய நகரொன்றை அமைத்து 2010-இல் உலகோர்க்குக் காட்டினார். பள்ளியில்லை, மருத்துவமனையில்லை, போலீஸ் நிலையங்கள் மட்டும் நிறைந்திருந்தன. மக்கள் ஐம்பது வயதளவில் மாய்ந்தனர். ஆனால் விளையாட்டின் கணக்கு அதனைக் குறையென்று கொள்ளவில்லை. விதியை முற்றும் பணிந்தே விதியைக் கண்டித்த விமர்சனம் அது!

“எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க எவராலாகும்? சுருக்கியே ஆகவேண்டும்” என்பர். மெய்தான். 2013-இல் வந்த சிம்சிட்டியில் வண்டி நிறுத்துமிடங்களை உண்மையளவில் காட்டினால் நகரம் முழுதும் அவையாகவே தோன்றுமென்று, அவற்றை நிலத்தடியில் இருப்பதாக வைத்துக்கொண்டனர் அமைத்தோர். சுருக்குவதில் குற்றமில்லை, சுருக்கியதை மறைப்பதே குற்றம். மறைக்காதிருக்கவும் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. ஏழை நாட்டுச் சிறுவர்க்கு மலிவான மடிக்கணினி வழங்கும் திட்டத்துக்காக, முதல் சிம்சிட்டியின் நிரல் முழுவதும் 2008-இல் மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் யாவரும் படிக்கவும் மாற்றவும் திறந்துவிடப்பட்டது. பூட்டிய விதி மீண்டும் தாளுக்கு வந்த நாள் அது.

ஆகவே நம் பெற்றோர்க்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கும் நாம் கூறுவது இது. கைபேசியைப் பிடுங்குவதாலும் மணியைக் கணக்கிடுவதாலும் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. பிள்ளையின் அருகமர்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவ்விளையாட்டின் விதியை யார் எழுதினார்? இப்பலகையில் இல்லாதவர் யார்? விதியில் ஒன்றை மாற்றினால் யார் வெல்வார்? பின்பு ஓர் அட்டையையும் பென்சிலையும் கொடுத்து, அவன் லயத்தையும் அவள் தெருவையும் வைத்தே ஒரு விளையாட்டை இருவகை விதிகளோடு எழுதச்சொல்லுங்கள்.

நிரல் எழுதக் கற்கும் நம் இளைஞர்க்கு இன்னும் ஒரு சொல். நாளை பிறர் ஆடும் விதிகளை எழுதப்போகிறவர்கள் நீங்கள். எழுதிய கையை மறைக்காதீர்கள். தன் பிள்ளைகள் ஆடும் பலகையில் எது விதி, எது ஊழ் என்று பிரித்தறிந்த சமூகம், தான் வாழும் பலகையிலும் அதனைப் பிரித்தறியும்.