கறுப்புக் கல்லும் பழைய அடுப்படியும்

மணலூர்பேட்டை போன்ற தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர்களில் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் முதலில் கைவைப்பது அடுப்படியில்தான். திண்ணை தப்பிவிடும், மரத்தூண்களும் தப்பிவிடும். சமையற்கட்டு மட்டும் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். சுவரோரமாக ‘எல்’ வடிவில் ஒரு மேடை, அதன்மேல் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் கறுப்பு கிரானைட். கொத்தனார் கேட்பதும் “கல்லு எத்தனை அடி வேணும்?” என்றுதான். என்ன கல் என்ற கேள்வியே எழுவதில்லை. இந்த வழக்கத்தில் பாதிக்கு மேல் நியாயம் உண்டு. மிச்சத்தைத்தான் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நின்றுகொண்டு சமைக்கும் மேடை நம் ஊர் வீடுகளுக்கு அவ்வளவு பழையதல்ல. விறகடுப்பு தரையில் இருந்தது. அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை எல்லாமே தரைக்குரியவை. எரிவாயு வந்ததும் அடுப்பு மேலே ஏறியது, சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 2006இல் வந்த திமுக ஆட்சி இலவச எரிவாயு அடுப்பையும், 2011இல் வந்த அதிமுக ஆட்சி மிக்சி, கிரைண்டரையும் கொடுத்தபோது, இவற்றை வைக்க எல்லா வீட்டுக்கும் ஒரு மேடை தேவைப்பட்டது. ஆக, மேடை சாமான் வைக்கும் இடமாகத்தான் வந்தது. அதில் யார் எப்படி நின்று என்ன வேலை செய்வார் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்குச் சமையலறை வடிவமைத்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி அதைத்தான் பார்த்தார். காய் நறுக்க ஜன்னலோரம் ஒரு பலகை, உட்கார்ந்து நறுக்க ஒரு சுழல் முக்காலி வரை யோசித்து வைத்தார்.

முதலில் கிரானைட்டின் பக்கம் பேசிவிடலாம். நம் சமையல் கல்லை மூன்று விதமாகச் சோதிக்கிறது: சூடு, புளிப்பு, இடி. எண்ணெய் காய்ந்த தாளிப்புக் கரண்டியை அப்படியே மேடையில் வைப்போம். புளி கரைத்த தண்ணீர், எலுமிச்சை, தயிர் சிந்தாத நாளில்லை. தேங்காய் உடைப்பதும் இஞ்சி தட்டுவதும் அங்கேதான். இந்த மூன்றையும் கிரானைட் தாங்கும். கடையில் ‘பிளாக் கிரானைட்’ என்று விற்பதில் பெரும்பகுதி டோலரைட், காப்ரோ வகைப் பாறை என்று புவியியல் படித்தவர்கள் சொல்வார்கள். சமைப்பவருக்கு அதனால் நஷ்டமில்லை, அதுவும் பூமிக்கடியில் பாறைக்குழம்பு இறுகிய கெட்டிப் பாறைதான். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்புக் கல்லுக்கு வெளிநாட்டுச் சந்தையில் பெரிய மதிப்பு உண்டு. நல்ல கல் நமக்கு எட்டும் தூரத்திலேயே கிடைக்கிறது.

கிரானைட்டுக்கு முன்னால் நம் வீடுகளை ஆண்டது கடப்பாக்கல். ஆந்திரத்தின் கடப்பைப் பக்கத்திலிருந்து வரும் அடர்நிறச் சுண்ணாம்புக்கல் அது. சுண்ணாம்பு என்பதில்தான் அதன் விதி இருக்கிறது. புளித்தண்ணீர் ஒரு ராத்திரி தேங்கினால் அந்த இடம் வெளுத்து மங்கிவிடும். கத்தி இழுத்தால் கோடு விழும். வெள்ளை மார்பிளுக்கும் இதே கதைதான், போதாததற்கு மஞ்சள் கறை வேறு. மேடையின் மேல்பரப்புக்குக் கடப்பா ஆகாது என்பது சரியான தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பை வைத்துக் கடப்பாவை வீட்டைவிட்டே துரத்துவது அநியாயம். விலை வெகு குறைவு. மேடைக்கு அடியில் தாங்கு பலகையாக, தட்டுகளாக, அரிசி டிரம் வைக்கும் அடுக்குகளாக அதற்கு ஈடில்லை. அங்கே புளி சிந்தப்போவதில்லையே.

கறுப்புப் பளபளப்பில் எனக்குச் சம்மதமில்லை. பழைய அடுப்படிகளில் வெளிச்சம் குறைவு; சின்ன ஜன்னல், புகை படிந்த சுவர், தாழ்ந்த ஓடு. அதில் எட்டடிக்குக் கறுப்பை விரித்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும். எறும்பு ஊர்வது தெரியாது, கத்தி கிடப்பது தெரியாது. தெரியக் கூடாத ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்: போர் தண்ணீரின் உப்பு. துடைத்த ஈரம் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். கல் உடனே கெடாது, இணைப்பில் இருக்கும் சிமென்ட் கரையும். பிறகு கரப்பான் அந்த வழியாகக் குடிவரும். சாம்பல் நிறத்திலோ பழுப்பிலோ பொறிப்பொறியாக இருக்கும் கிரானைட் இந்தத் தொல்லையில் முக்கால்வாசியை மறைத்துவிடும். கல் கடையில் அது ஏனோ மூலையில்தான் சாத்தப்பட்டிருக்கும்.

இன்னொரு குறை உயரம். மேடை என்றால் முழுக்க ஒரே மட்டம், முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு அங்குலம். அதன்மேல் அடுப்பு நாலைந்து அங்குலம், அதன்மேல் குக்கர். ஐந்தடி உயரமுள்ள பெண் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளுகிறார். அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் நான்கு அங்குலம் இறக்கினால் போதும். இரண்டு துண்டுக் கல்லாகிவிடும், இணைப்பு வரும் என்று கொத்தனார் மறுப்பார். உண்மைதான், அந்த இணைப்பைத் தொட்டிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

நகரத்து விளம்பரங்களைப் பார்த்து இப்போது குவார்ட்ஸ் பலகை கேட்பவர்களும் உண்டு. கல்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது அது. கறை பிடிக்காது, நிறம் சீராக இருக்கும். ஆனால் பிசின் ஏறத்தாழ 150 டிகிரிக்கு மேல் தாங்காது. குக்கரின் சூடு 120 சொச்சம், வாணலியின் சூடு அதைத் தாண்டி எங்கோ போகும். குவார்ட்ஸ் பலகையை அறுப்பவரின் நுரையீரலில் சிலிக்கா தூள் படிந்து வரும் நோயைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. கிரானைட்டை அறுத்தாலும் சிலிக்கா தூள் பறக்கத்தான் செய்கிறது, அளவு குறைவு. வாசலில் வைத்து அறுக்கும்போது தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்வது வீட்டுக்காரர் வேலை.

தென்பெண்ணைக் கரைக்காரர்கள் மேல்கல்லைவிட அடியில் இருப்பதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டு, கரையோர ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. அப்படி நீர் புகும் வீட்டில் துகள்பலகையால் செய்த ‘மாடுலர்’ அலமாரி உப்பிப் பிளந்துவிடும், கல்லுக்கும் செங்கல்லுக்கும் கழுவி விட்டால் போதும். பழைய வீட்டின் மண்சுவரையும் சுண்ணாம்புக் காரைச் சுவரையும் குடைந்து கல்லைச் செருகுவதும் ஆபத்து. எட்டடிக்கு இரண்டடி, 18 மில்லிமீட்டர் கல்லின் எடையே எழுபது கிலோவுக்குக் குறையாது. மேடை தன் சொந்தச் செங்கல் கால்களில், சுவரைச் சாராமல் நிற்கட்டும்.

கல் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்கி, அதன்மேல் கெட்டியான புளிக்கரைசலை ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் மங்கியிருந்தால் அது சுண்ணாம்புக்கல், பெயர் என்ன சொன்னாலும் சரி. தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறுப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல். இரண்டிலும் தேறிய கல்லை அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே, ஈரமும் சூடும் விழும் ஆறேழு அடிக்கு மட்டும் போட்டால் போதும். அம்மியை மேடைமேல் ஏற்ற வேண்டாம். அது ஜலதாரைக்குப் பக்கத்தில், பழைய இடத்திலேயே இருக்கலாம். உட்கார்ந்து அரைப்பவருக்கு உடம்பின் பாரம் முழுதும் குழவியில் இறங்கும். நின்றால் தோள்தான் வலிக்கும்.